அமரர் ஞாபகார்த்தச் சிறுவர் பூங்கா

கதிர்காமநாதன் விதானை வேலையிலிருந்து இளைப்பாறிப் பல வருடங்களாகிவிட்டன. வேலைதான் அவரை விட்டு இளைப்பாறவில்லை. அக்கராயன் குளத்துத் தண்ணீர் பாயும் ஐந்தாம் வாய்க்கால் ஊரில் இன்றைக்கும் விதானையார் என்றால் அவர்தான். இப்போதைய கிராம சேவையாளர் ஸ்கூட்டியில் வந்து ஸ்கூட்டியில் போகிற ஒரு பெண்பிள்ளை. சனம் அந்தப் பிள்ளையிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அந்தக் கையெழுத்துச் சரியா என்று கேட்க விதானையாரின் வீட்டுப் படலைக்கு வரும். அவரும் கண்ணாடியைப் போட்டு, தொண்டையை "ம்க்கும்" என்று செருமி, சரி என்பார்.

நல்ல மனிதர். அதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஊருக்கு ஒன்று என்றால் எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பார். ஆனால் அந்த எண்ணெய்ப் போத்தலில் அவருடைய பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பஸ் தரிப்பிடத்துச் சுவரில் 'முயற்சி: கதிர்காமநாதன்' என்று இருக்கிறது. சனசமூக நிலையத்துக் கதிரைகளின் முதுகில் இருக்கிறது. கோயில் அன்னதானக் கிடாரத்தின் வயிற்றிலும் இருக்கிறது. அடுப்புக் கரி அதை மூடிவிடும் என்பதால் ஒவ்வொரு திருவிழா முடிவிலும் அவரே சாம்பல் போட்டு விளக்குவார்.

சிரிக்கலாம். சிரிக்கிறவர்களுக்கு வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். விதானையாருக்கும் மனைவி இரஞ்சிதத்துக்கும் இல்லை. வவுனியா ஆசுபத்திரிக்கும் அலைந்தார்கள், கோயில்களுக்கும் நேர்த்தி வைத்தார்கள். டொக்டர்மாரும் கடவுள்மாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"எங்களுக்குப் பிறகு எங்கட பேரைச் சொல்ல ஆர் இருக்கினம், இஞ்சேர்?" என்று அவர் சில பின்னேரங்களில் கேட்பார்.

"இருக்கேக்கையே உங்கட பேரை வாசிச்சுச் சனம் களைச்சுப் போச்சுது" என்பா இரஞ்சிதம். "செத்தாப் பிறகாவது அதுகளை ஆறவிடுங்கோவன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவரைவிட அதிக நேரம் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பா.

ஐந்தாம் வாய்க்காலில் வயல் வெட்டினால் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. அறுத்த வயலெல்லாம் அவர்களுடைய மைதானம். வயல் விதைத்தால் பிள்ளைகளும் மாடுகளும் ஒரே நாளில் வெளியே துரத்தப்படுவார்கள். மாடுகளைக் கட்டிவைப்பது பற்றி விதைப்புக் கூட்டத்தில் நெடுநேரம் பேசுவார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவர்கள் தாங்களாகவே றோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு காலபோக விதைப்பு நேரத்தில்தான், வாய்க்கால் கடைசியில் இருக்கும் மீனம்மாவின் மகள் யதுர்ஷிகா, தார் றோட்டில் கோடு கீறிக் கெந்தி விளையாடிக்கொண்டிருந்தபோது, மணல் ஏற்றின டிப்பர் ஒன்று வளைவால் வந்தது. டிப்பர் பிறேக் போட்டு, சறுக்கி, பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பஸ் தரிப்பிடத்தில் நின்ற விதானையார் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். அவருடைய உள்ளங்கைக்குள் அந்தச் சின்ன நெஞ்சு கோழிக்குஞ்சைப்போல அடித்தது. ஒரு பிள்ளையை அவர் அவ்வளவு இறுக்கிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மீனம்மா அழுதுகொண்டு ஓடிவந்து கையை நீட்டிய பிறகும் கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எங்கதான் போய் விளையாடும்ங்க ஐயா இதுக" என்றாள் மீனம்மா. மலையகத்திலிருந்து வந்த குடும்பம். வன்னியில் பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு இரவு விதானையார் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, ஊருக்கு ஒரு சிறுவர் பூங்கா வேண்டும் என்றார். அவர் கண் கலங்கியதைச் சனம் கண்டது. அது நடிப்பில்லை. பிள்ளைகள் பயமில்லாமல் விளையாட வேண்டும், அந்தப் பிள்ளைகளின் வாயில் தன் பெயர் இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசையும் அவருக்குள் புட்டும் தேங்காய்ப்பூவும்போலக் கலந்து கிடந்தன. எது எது என்று அவருக்கே தெரியாது.

இனி அதற்கு ஆள் பிடிக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் உயிரோடிருக்கிற பிள்ளைகளுக்கு என்று கேட்டால், "பாப்பம் அண்ணை" என்பார்கள். செத்துப்போன அம்மாவுக்கு என்று கேட்டால் அன்றைக்கே அனுப்புவார்கள். விதானையாருக்கு இது கரதலப் பாடம். ஊரில் யார் எப்போது செத்தார்கள், யாருடைய பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவருடைய நாக்கு நுனியில் நின்றன. போனை எடுத்தார்.

கனடாவிலிருக்கும் சிவராசா தன் தாயார் கமலேஸ்வரியின் ஞாபகார்த்தமாக ஊஞ்சலை ஏற்றுக்கொண்டார். கமலேஸ்வரி அக்கா உயிரோடிருந்தபோது, தன் வளவுக்குள் விழுந்த பந்தைக் கத்தியால் இரண்டாகப் பிளந்துதான் வேலிக்கு மேலால் திருப்பி எறிவா. இப்போது அவவின் பெயரில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல். சாவைப்போல மனிதரைத் திருத்துகிற பள்ளிக்கூடம் வேறொன்றும் இல்லை.

பிள்ளைகள் வழுக்கி இறங்கும் சறுக்கி, காலஞ்சென்ற தலைமை வாத்தியாருக்குப் போனது. சீசோதான் கொஞ்சம் இழுபட்டது. அதைக் கேட்டவர்கள் அண்ணனும் தம்பியும். அண்ணன் பிரான்சில், தம்பி சுவிசில். காணிச் சண்டையால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே தகப்பன், ஒரே சீசோ. விதானையார் தன் முப்பது வருட அனுபவத்தை எல்லாம் திரட்டி, பலகையின் ஒரு முனையில் அண்ணனின் பெயரும் மறு முனையில் தம்பியின் பெயரும் போடுவது என்று தீர்த்துவைத்தார். அவ்வளவு நேர்த்தியான பங்கீட்டை அவர் காணி விசயத்தில்கூடச் செய்ததில்லை.

இடம் வாய்க்கால் கரையில் கிடைத்தது. நல்ல இடம். பெரிய மருத மரம் ஒன்று காணி முழுவதும் நிழல் விரித்து நின்றது. ஆனால் வாசலில் கட்டிய வளைவு றோட்டிலிருந்து பார்க்கத் தெரியாமல் கிளைகள் மறைத்தன. அந்த வளைவில்தான் 'அமரர் ஞாபகார்த்தச் சிறுவர் பூங்கா' என்றும், கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், ஆனால் தங்க நிறத்தில், 'முயற்சி: கதிர்காமநாதன்' என்றும் இருந்தது. கிளைகளை வெட்டினார்கள். பெயர் தெரிந்தது. நிழல் போய்விட்டது. மாடு வராமல் சுற்றிவர முட்கம்பி அடித்தார்கள்.

திறப்புவிழா வெகு சிறப்பாக நடந்தது. மங்கள விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, அதற்குமேல் வாழ்த்துரை. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வெயிலில் நின்று கேட்டார்கள். முடிந்ததும் பாய்ந்தார்கள். கத்திக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, எல்லாவற்றிலும் ஏறினார்கள். விதானையார் அதைப் போனில் வீடியோ எடுத்து எல்லா நாட்டுக்கும் அனுப்பினார். அன்றைக்கு அவருக்கிருந்த சந்தோசத்துக்கு அளவில்லை. அது ஒரு நாள் சந்தோசம்.

மறுநாள் விடிய முதலே சிவராசா போனில் வந்தார்.

"அண்ணை, வீடியோ பாத்தனான். எல்லாம் நல்லாயிருக்கு. ஆனா ஒரு விசயம். அம்மான்ர பேர் ஊஞ்சல் பலகையிலயெல்லோ இருக்கு?"

"ஓம் தம்பி. நல்ல வடிவா வெட்டிக் கிடக்கு."

"அதுக்கு மேல ஒரு பெடியன் குந்திக்கொண்டிருக்கிறான், அண்ணை."

ஊஞ்சல் பலகையில் வேறு என்ன செய்யலாம் என்று விதானையாருக்கும் உடனே தோன்றவில்லை.

"அம்மான்ர பேருக்கு மேல குந்திறதைப் பாத்து என்ர மனுசி அழுகிறா" என்றார் சிவராசா.

வாத்தியாரின் மகளும் அழுதா. சறுக்கி முடிகிற இடத்தில், கறுப்புக் கல்லில், வாத்தியாரின் படம் பதித்திருந்தது. பிள்ளைகள் காலை நீட்டிச் சறுக்கி வந்து வாத்தியாரின் முகத்தில் உதைத்தார்கள். காலால் தட்டுப்பட்ட புத்தகத்தையே தொட்டுக் கும்பிடுகிற ஊர் இது. முகத்தில் உதைத்தால் எப்படிப் பொறுக்கும்? அவரிடம் அடி வாங்கிப் படித்த இரண்டொருவர் தாங்களும் ஒருக்கால் சறுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டதாகவும் கதை.

சீசோவின் கதை இன்னும் மோசம். வீடியோவில் அண்ணனின் பக்கம் மேலே நின்றபோது தம்பி பார்த்திருக்கிறார். தம்பியின் பக்கம் மேலே போனபோது அண்ணன் பார்த்திருக்கிறார். இரண்டு நாட்டிலிருந்தும் ஒரே கேள்வி வந்தது: "அப்ப நாங்கள் கீழயோ?"

விதானையார் எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்தார். ஊஞ்சல் பலகையைப் பட்டுத் துணியால் சுற்றிக் கட்டினார்; துணி ஊத்தைப்படும் என்பதால் அதில் ஒருவரும் இருக்கக்கூடாது என்றார். வாத்தியாரின் படத்துக்கு முன்னால் பூச்சாடி வைத்தார்; பிள்ளைகள் சறுக்கியில் படியால் ஏறி, மேலே நின்று ஊரைப் பார்த்துவிட்டு, படியாலேயே இறங்கலாம். சீசோவுக்கு மாங்குளத்திலிருந்து ஒட்டுவேலைக்காரனைக் கூட்டி வந்து, நடுவில் இரும்புச் சட்டம் ஒன்றை நட்டுப் போட்டு முறுக்கி, பலகை எப்போதும் நேர்மட்டமாக நிற்கும்படி செய்தார். அண்ணனும் தம்பியும் சமமானார்கள். குந்துகிற வாங்காக உபயோகிக்கலாம்தான், ஆனால் பெயருக்கு மேல் இருக்கக்கூடாது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்குகள்கூட ஏற முடியாத மாதிரி ஆனது.

பிறகு திவசங்கள் தொடங்கின. வருடம் திரும்பிய அன்று ஒவ்வொரு குடும்பமும் பூங்காவில் அன்னதானம் கொடுத்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தலையைக் குனியச் சொல்லி, மௌன அஞ்சலி செலுத்தி, பிறகு சோற்றுப் பார்சல் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் அந்தப் பூங்காவுக்குள் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். அசையாமல் நிற்பதில் நன்றாகத் தேறிவிட்டார்கள்.

மற்ற நாட்களில் விதானையார் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் போட்டுத் தானே காவலிருந்தார். பிள்ளைகள் வந்தால் தொண்டையைச் செருமுவார். "ம்க்கும். அதில ஏறக்கூடாது பிள்ளை. ஓடாதையுங்கோ, புழுதி பறக்குது. கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ." பிள்ளைகள் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு போய்விடுவார்கள். எங்கே போகிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. அவருடைய கண் முழுவதும் கறுப்புக் கல்லில் இருந்தது.

"பூங்காவில பிள்ளையள் வருகுதுகளோ?" என்று ஒரு நாள் இரஞ்சிதம் கேட்டா.

"இப்பத்தைப் பிள்ளையளுக்கு விளையாடத் தெரியாது. எல்லாம் போன் பாக்கிறதோட சரி."

"போன் பாக்கிறது நீங்கள்தான்" என்றா இரஞ்சிதம். "பிள்ளையள் திரும்பவும் றோட்டுப் பக்கம் போகுதுகள். மீனம்மா எனக்குச் சொல்லி அழுதவள். உங்களிட்டச் சொல்லப் பயமாம்."

பயமாம். அந்தச் சொல் அவருக்கு மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. டிப்பருக்கு முன்னாலிருந்து அவர் தூக்கிய பிள்ளையின் தாய்க்கு அவரிடம் பயமாம். அன்றைக்குப் பின்னேரம் அவர் கதிரையில் இருக்காமல், பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வாய்க்கால் கரையால் நடந்தார்.

அவர்கள் தூரத்தில் இல்லை. முட்கம்பிக்கு அந்தப் பக்கம், றோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், வாய்க்கால் துப்புரவாக்கிக் குவித்த மண்மேடு ஒன்று கிடந்தது. அதில்தான் ஊர்ப் பிள்ளைகள் அவ்வளவும் நின்றார்கள். ஒரே கூச்சல். கூச்சலுக்கு நடுவே அவர் ஒரு சொல்லைக் கேட்டார்.

"விதானையார்! விதானையார்!"

கரையோரப் பற்றைச் செடி ஒன்றுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகளின் வாயில் தன் பெயர். பஸ் தரிப்பிடத்துச் சுவரும் கிடாரத்தின் வயிறும் தராத ஒரு குளிர்ச்சி அவருடைய நெஞ்சுக்குள் இறங்கியது. இந்தச் சத்தத்துக்காகத்தானே இவ்வளவும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பற்றையை விலக்கிப் பார்த்தார்.

யதுர்ஷிகா ஒரு சாக்குத் துண்டைத் தோளில் போட்டு, கைகளைப் பின்னால் கட்டி, எல்லாருக்கும் முதுகு காட்டி ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மரத்தின் தாழ்ந்த கிளைதான் ஊஞ்சலாம். மற்றவர்கள் மேட்டிலிருந்து பூனைபோலப் பதுங்கிப் பதுங்கி அதை நோக்கி வந்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள். "ம்க்கும்." அச்சு அசல் அவருடைய செருமல்தான். செருமிவிட்டு வெடுக்கென்று திரும்பினாள்.

"மௌன அஞ்சலி!"

எல்லாப் பிள்ளைகளும் நின்ற நின்ற இடத்தில் தலையைக் குனிந்து, கையை முன்னால் கோத்து, சிலையாகிப் போனார்கள். யதுர்ஷிகா வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவர்களுக்கிடையில் நடந்தாள். "ஏறக்கூடாது பிள்ளை. புழுதி பறக்குது பிள்ளை" என்று ஒவ்வொரு முகத்துக்குள்ளும் குனிந்து பார்த்தாள். ஒரு குட்டிப் பெட்டை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். உடனே எல்லாரும் அவளைச் சுட்டிக்காட்டிக் கத்தினார்கள்: "விதானையார்! விதானையார்! இனி நீதான் விதானையார்!" சிரித்த பெட்டை காலை உதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். விதானையாராக இருக்க ஒருவருக்கும் விருப்பமில்லை.

பெரிய விதானையார் பற்றைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பிள்ளைகள் கண்டார்கள். இந்தத் தடவை ஒருவரும் சொல்லாமலே தலைகள் குனிந்தன.

"இதென்ன விளையாட்டு?" என்று கேட்டார்.

"விதானையார் விளையாட்டு, ஐயா" என்றாள் யதுர்ஷிகா, நிலத்தைப் பார்த்தபடி.

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை, ஐயா. நாங்களாத்தான். இப்ப பள்ளிக்கூடத்திலயும் விளையாடுறவை. மாங்குளத்தில என்ர மச்சாளாக்களும் விளையாடுறவை."

மாங்குளம் வரைக்கும் போய்விட்டது. கல்லில் வெட்டவில்லை, தங்கப் பூச்சுப் பூசவில்லை, ஒருவரும் விளக்கேற்றித் திறந்து வைக்கவில்லை. மாங்குளத்துப் பிள்ளைகள் அவரை ஒருநாளும் கண்டதில்லை. கண்டிராமலே அவர் பெயரைச் சொல்லிப் பதுங்கி விளையாடுகிறார்கள். இனி அவர்களுடைய பிள்ளைகளும் விளையாடும். தனக்குப் பிறகு தன் பெயரை ஆர் சொல்லுவினம் என்று கேட்ட மனிதருக்கு, இதைவிடப் பெரிய பதிலைக் கடவுளே நினைத்தாலும் கொடுத்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து இரஞ்சிதத்திடம் சொன்னார். இரஞ்சிதம் முதலில் சிரித்தா. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. அவர் சிரிக்காமல் இருப்பதைக் கண்டு நிறுத்தினா.

"அந்தச் சின்னன் அழுதது இஞ்சேர்" என்றார் அவர். "நானா இருக்க ஏலாதெண்டு அழுதது."

இரஞ்சிதம் எழுந்து குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தா.

மறுநாள் பின்னேரம் அவர் நட்டுக் கழற்றுகிற சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். சீசோவின் நட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. வியர்க்க வியர்க்க முறுக்கிக் கழற்றினார். அண்ணன் மேலே போனார், தம்பி கீழே வந்தார், உலகம் அழியவில்லை. பூச்சாடியைத் தள்ளி வைத்தார். ஊஞ்சலின் பட்டுத் துணியை அவிழ்த்தார். போன் சட்டைப் பைக்குள் அடித்தது. எடுத்துப் பார்த்தார், சிவராசா. அதை நிறுத்திப் பைக்குள் போட்டுவிட்டுப் படலையை அகலத் திறந்தார்.

"வாங்கோ பிள்ளையள். எல்லாத்திலையும் ஏறலாம். ஓடலாம். ஒருத்தரும் ஏசமாட்டினம்."

பிள்ளைகள் வந்தார்கள். படலைக்குள் வந்து, வரிசையாக நின்று, தலையைக் குனிந்து, கையைக் கோத்தார்கள்.

"அஞ்சலி இல்லை பிள்ளையள். உண்மையாத்தான் சொல்லுறன். ஏறுங்கோ."

ஒருவரும் அசையவில்லை. அவர் ஒவ்வொருவரையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர்கள் இன்னும் இறுகினார்கள். கெஞ்சினார். கெஞ்சல்கூட அவருடைய வாயால் வரும்போது கட்டளைபோலத்தான் இருந்தது.

"ஏன் பிள்ளை ஏறுறியள் இல்லை?" என்று யதுர்ஷிகாவிடம் கேட்டார்.

"நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறியள், ஐயா" என்றாள் அவள்.

அவர், கிளை வெட்டுப்பட்டு நின்ற மருத மரத்தடிக்குப் போனார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, மரத்தைப் பார்த்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டினார். தொண்டைக்குள் ஒரு செருமல் வந்தது, அதை விழுங்கினார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு புழுதியில் ஒரு கால் நகரும் சத்தம். இன்னொரு கால். பிறகு பல கால்கள். ஊஞ்சல் சங்கிலி ஒருமுறை கிறீச்சிட்டு நின்றது.

"விதானையார் பாக்கிறாரோ?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

"இல்லை, இல்லை. ஏறு."

சங்கிலி மறுபடி கிறீச்சிட்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. சீசோ நிலத்தில் டொம்மென்று இடித்தது. யாரோ வீறிட்டுச் சிரித்தார்கள். ஊஞ்சலில் இருப்பது யார், அந்தச் சின்னதா, யதுர்ஷிகாவா என்று அவருக்கு அறிய வேண்டியிருந்தது. கால் உளைந்தது, கழுத்து வலித்தது, வெயில் சாய்ந்து முதுகில் சுட்டது. ஒரே ஒருக்கால் திரும்பிப் பார்த்தால் போதும் என்று மனம் கிடந்து அடித்தது. விதானையார் திரும்பவில்லை.